சாதாரண சீசன்

போன் திரை மாதிரி செய்த படத்தின் மூலையில் பேட்டரி பதினொரு சதவீதம் என்று வைத்தான். நூறு என்று வைத்தால் பார்த்தவுடனே பொய் என்று தெரிந்துவிடும். ஐம்பது என்றால் யார் கண்ணிலும் படாது. பதினொன்று என்றால்தான், சார்ஜ் போவதற்குள் எதிராளியை நாலு வார்த்தை திட்டிவிட வேண்டும் என்று அவசர அவசரமாகத் தட்டுகிற ஒரு மனிதன் தெரிவான். நேரத்தை மாலை ஐந்து நாற்பத்தேழு ஆக்கினான். கால்பந்து ஆட்டம் முடிய மூன்று நிமிடம் பாக்கி என்று கணக்கு. இடது பக்கக் கட்டத்தில் சிவப்பு அணியின் ரசிகன், வலது பக்கக் கட்டத்தில் நீல அணியின் ரசிகன். இருவரும் உலகத்தில் எங்கேயும் இல்லாதவர்கள். அவர்களைப் பெற்றதும் வளர்த்ததும் அடித்துக்கொள்ள வைத்ததும் இவன்தான். அதனால் ஆபீஸில் இவனுக்கு வசனம் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இவனே திரும்பிப் பார்க்காத அளவுக்கு அது ஒட்டிக்கொண்டுவிட்டது.

ஆபீஸ் என்பது ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேலே இருந்த நீளமான அறை. நாலு மேசை, நாலு கம்ப்யூட்டர், இழுத்தால் கைப்பிடி கையோடு வருகிற ஒரு ஜன்னல். கீழே பல்லைக் குடைகிற சத்தம் தரை வழியாக ஏறி நாற்காலிக் காலில் நடுங்கும். கீழே பல்லைப் பிடுங்குகிறார்கள், மேலே பல்லைக் காட்ட வைக்கிறோம் என்பது முதலாளி புதிதாக வருகிற எல்லாரிடமும் சொல்லும் ஜோக். முதலாளி இவனைவிட ஏழு வயது சின்னவன். கால்பந்து ரசிகர்களுக்காக ஒரு சிரிப்புப் பக்கம் ஆரம்பித்து, அது நன்றாக ஓடவும், ஆள் வைத்து நடத்துகிறான். ஆட்டத்துக்கு முன்னால் ஒன்று, இடைவேளையில் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று பொய் உரையாடல்கள் போக வேண்டும். ரசிகர்கள் போனில் அடித்துக்கொண்டதை யாரோ படம் பிடித்துப் போட்ட மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதற்கென்று சில முறைகளை வசனமே கண்டுபிடித்திருந்தான். எழுத்துப் பிழை ஒன்றாவது இருக்க வேண்டும். ஜெயித்தவன் அதிகம் பேச வேண்டும், தோற்றவன்தான் கடைசி வார்த்தை சொல்ல வேண்டும். தோற்றவன் சொன்னால்தான் ஊர் சிரிக்கும்.

அன்றைக்கு வலது பக்கக் கட்டத்தில் அவன் போட்டது இது.

"டாக்டரைப் பாக்கப் போனேன். இன்னும் ஒரு சீசன் பாக்கலாம்னாரு."

"அப்புறம்?" என்று சிவப்பு கேட்கிறது.

"நீலம் ஜெயிக்கிற சீசனா, சாதாரண சீசனான்னு கேட்டேன். சாதாரணம்தான்னுட்டாரு."

முதலாளி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கண்ணில் தண்ணீர் வந்தது. உடனே போடு என்றான். வசனமும் போட்டான். ஒரு மணி நேரத்தில் அது பத்தாயிரம் பேரைத் தாண்டி, சாயங்காலத்துக்குள் இந்தப் பக்கத்தில் இதுவரை எதுவும் போகாத தூரம் போய்விட்டது. கீழே குவிந்த கருத்துகளை அவன் விரலால் தள்ளிக்கொண்டே போனான். வயிறு வலிக்குது, இந்த நீலத்தாரைக் கண்டுபிடிச்சுக் கொடுங்கப்பா, எங்க வீட்டுலயும் இதே கதிதான். நடுவில் ஒருவர் மட்டும், "எங்கப்பாகிட்டயும் இப்படித்தான் சொன்னாங்க. அவர் சீசன் முடியற வரைக்கும்கூட இருக்கல" என்று எழுதியிருந்தார். சிரிக்கிற இடத்தில் அழுகிறவர்கள் எப்போதும் ஒன்றிரண்டு பேர் இருப்பார்கள். அவன் அதையும் தள்ளிவிட்டுப் போனான்.

அந்த வரிகளை அவன் எழுதவில்லை. முந்தின நாள் மத்தியானம், ஆட்டம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு கை தூரத்தில் உட்கார்ந்து மாமா அவனுக்கு அனுப்பியவை.

மாமா என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். அடித்தொண்டையில் கத்திக் கத்தியே சம்பாதித்த மனிதர் என்று சொல்லலாம். லிஃப்ட் ஓடுகிற அந்த இருட்டுக் குழிக்குள் ஒருவர் மேலே நிற்பார், ஒருவர் அடியில் நிற்பார், நடுவே பத்து மாடி இருக்கும். "நிறுத்து" என்று சொன்னால் அடுத்தவன் காதில் விழுந்தாக வேண்டும், இல்லாவிட்டால் உயிர் போகும். ஒன்றரை வருஷத்துக்கு முன் அந்தத் தொண்டையில் கட்டி வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். இப்போது மூச்சு கழுத்தில் இருக்கும் ஒரு துளை வழியாகப் போய் வருகிறது. அதன்மேல் ஒரு சிறிய வெள்ளைத் துணி. கழுத்தில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரே ஒரு தரம் அக்காவின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். வந்த சத்தத்தைக் கேட்டு அக்கா ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் நல்லா இருக்கே என்றாள். அவளுக்குப் பொய் சொல்ல வராது. கருவி அன்றைக்கே பீரோவுக்குள் போய்விட்டது. வேலையிலும் அவரைக் குழியிலிருந்து தூக்கி, சாமான் அறையில் திருகாணி எண்ண உட்கார வைத்தார்கள். குரல் இல்லாதவரைக் குழிக்குள் விட முடியாதுதான். அதில் நியாயம் இருந்தது. அது அவருக்கும் தெரிந்திருந்ததுதான் கொடுமை.

அதன்பிறகு அவருக்கு வாய் என்றால் போன்தான். தடித்த கட்டைவிரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிப்பார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு முதல் ஆட்டத்தைப் பார்க்க வசனம் போனபோது, மாமா அடிப்பதும் இவன் வாயால் பதில் சொல்வதுமாகக் கொஞ்ச நேரம் நடந்தது. இவனுக்கே அது அசிங்கமாக இருந்தது, நொண்டியோடு சேர்ந்து நடக்கும்போது ஓடிக் காட்டுகிற மாதிரி. அதனால் இவனும் வாயை மூடிக்கொண்டு போனை எடுத்தான். அதுவே வழக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரே சோபாவில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே டிவியைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தருக்கொருத்தர் குறுஞ்செய்தி அனுப்பிச் சண்டை போடுவார்கள். மாமா நீல அணி. அவர் அப்பா எந்தச் சொத்தும் வைக்காமல் அந்த அணியை மட்டும் வைத்துவிட்டுப் போனாராம். இவன் சிவப்பு. ஆட்டம் முடியும்வரை அந்த அறையில் ஒரு மனிதச் சத்தம் இருக்காது. மாமா சிரித்தால் தோள் குலுங்கும், கழுத்துத் துணி படபடக்கும். ரெண்டு ஊமைகளுக்கு வடித்துக் கொட்டுறேன் என்று அக்கா சமையலறையிலிருந்து சொல்வாள். சொல்லும்போது அவள் குரலில் சந்தோஷம்தான் இருக்கும்.

அந்தச் சண்டைகளில் மாமா சொல்வதெல்லாம் தங்கம். "எங்க கோல்கீப்பர் நல்ல மனுஷன் மச்சான். வீடு தேடி வர்றதைத் தடுக்க மனசு வராது" என்பார். "எங்க டீம் லிஃப்ட் மாதிரி. கீழ போறப்ப மட்டும் எந்த மாடியிலயும் நிக்காது" என்பார். குரல் இருந்த காலத்தில் அவர் இவ்வளவு பேசியதில்லை, இவ்வளவு நன்றாகவும் பேசியதில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் பாடுபட வேண்டியிருந்ததாலோ என்னவோ, வீண் வார்த்தை ஒன்றுகூட வராது.

வசனத்துக்கோ அப்போது சரக்கு தீர்ந்துபோயிருந்தது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இல்லாத இரண்டு பேரை மூன்று வருஷமாக அடித்துக்கொள்ள வைத்து, அவர்களுக்கும் சலித்துவிட்டது, இவனுக்கும் சலித்துவிட்டது. ஒருநாள் வேறு வழியில்லாமல் அந்த லிஃப்ட் வரியை எடுத்துப் போட்டான். முதலாளிக்கு, வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. இந்த நீலத்தாரை விட்டுவிடாதே என்றான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாமா சொல்வது திங்கட்கிழமை சிரிப்புப் பக்கத்தில் வந்துவிடும். மாமாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் யோசித்து யோசித்து அடிக்க ஆரம்பித்துவிடுவார், அந்த ருசி போய்விடும் என்று இவனாக ஒரு சமாதானம் வைத்திருந்தான். உண்மையில் ஆபீஸில் கிடைத்த கைதட்டலைப் பங்கு வைக்க மனம் வரவில்லை. அதை அவன் தனக்குள்ளேகூட உரக்கச் சொல்லிக்கொண்டதில்லை.

அந்த டாக்டர் வரியை மாமா அனுப்பியபோது நீலம் இரண்டு கோல் பின்தங்கியிருந்தது. ஆட்டத்தில் சாரமில்லை. மாமா வழக்கத்தைவிட நேரம் எடுத்து அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார். வந்ததைப் படித்ததும் இவனுக்கு அடக்க முடியவில்லை, வாய்விட்டே சிரித்துவிட்டான். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். மாமா டிவியைப் பார்க்காமல் இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறவர் மாதிரிதான் இருந்தது. இவன் பாராட்டு போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "செம மாமா" என்று ஒன்று அனுப்பினான். அவர் அதைப் படித்தார். மெதுவாகத் திரும்பி ஆட்டத்தைப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர் ஸ்கேன் எடுக்கப் போவதும், ஒன்றுமில்லை என்று வருவதும் எல்லாருக்கும் பழகிப்போயிருந்தது. அந்த வாரம் அவர் போனாரா, யாரோடு போனார் என்று இவன் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. அந்த நிமிடம் அவன் மனசு முழுக்க, பேட்டரியை எத்தனை சதவீதம் வைப்பது என்பதில் இருந்தது.

செவ்வாய்க்கிழமை அக்கா போன் செய்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்க வருகிறவர்களுக்குச் சீட்டு எழுதும் வேலையில் இருக்கிறாள். ஆபீஸ் நேரத்தில் கூப்பிடுகிறவள் இல்லை. வசனம் படிக்கட்டுக்கு வந்து பேசினான். கடையில் கூட வேலை செய்கிற ஒருத்தி அந்த உரையாடலை எல்லாருக்கும் அனுப்பியிருந்தாளாம். அக்காவுக்கு நீலத்தாரை ஏற்கெனவே பிடிக்கும், நம்ம வீட்டுக்காரர் மாதிரியே பேசுறார் என்று கடையில் சொல்லுவாளாம். எழுதுகிறது தம்பி என்று தெரியும். அதில் மாமா இருக்கிறார் என்று மட்டும் தெரியாது. திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போய், உங்களைப் பார்த்தே எழுதுறான் போல என்று மாமாவின் மூக்குக்கு முன்னால் அதை நீட்டியிருக்கிறாள். மாமா படித்தார். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தண்ணீரைத் திறந்துவிட்டார். அவருக்கு அழுதாலும் சத்தம் வராது, தண்ணீரை ஏன் திறந்தார் என்று முதலில் புரியவில்லை, பழைய பழக்கத்தில் அழுகையை மறைக்கத்தான் என்று பிறகு புரிந்தது என்றாள். அவருடைய சாமான் பையைக் கொட்டிப் பார்த்ததில், திருப்புளிகளுக்கு அடியில் எண்ணெய்க் கறையோடு நாலாக மடித்து ஸ்கேன் அறிக்கை கிடந்தது. கட்டி நுரையீரலுக்குப் போய்விட்டது. இனி செய்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது.

"உன்கிட்டதான்டா முதல்ல சொல்லியிருக்காரு" என்றாள் அக்கா. "என்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு உன்னைக் கேக்கத்தான் சொல்லியிருக்காரு."

 கீழே ஆஸ்பத்திரியில் யாருக்கோ பல்லைக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

"நான் சிரிச்சேன்டா. கடையில மூணு பேர்கிட்ட காட்டிக் காட்டிச் சிரிச்சேன்."

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவனுக்குப் பிடித்துக்கொள்ள ஏதாவது கிடைத்திருக்கும். போனை வைத்துவிட்டாள். அன்றிரவே மாமாவுக்கு மூன்று செய்தி அனுப்பினான். அவன் வாழ்க்கையில் ஆயிரக்கணக்கான செய்திகளை எழுதியவன். யார் எப்போது கோபப்படுவார்கள், எந்த வார்த்தைக்கு மனம் இளகுவார்கள் என்பதெல்லாம் தொழில்முறையில் தெரிந்தவன். இந்த மூன்றையும் திரும்பப் படித்தபோது மூன்றும் நன்றாக எழுதப்பட்டிருந்தன. அதுதான் அவனுக்குப் பயமாக இருந்தது. மாமா அவற்றைத் திறக்கவில்லை. புதன், வியாழன், வெள்ளி எல்லாம் அப்படியே போயின. சனிக்கிழமை அக்கா மறுபடி கூப்பிட்டு, அவர் ஆறு நாளாக யாரிடமும் எதையும் அடிக்கவில்லை என்றாள். சாப்பாடு வேண்டுமா என்றால் தலையை ஆட்டுகிறார். வலிக்கிறதா என்றால் சுவரைப் பார்க்கிறார்.

"உன்கிட்ட மட்டும் பேசாம இருந்திருந்தா பரவாயில்லடா. என்கிட்டயும் பேச மாட்டேங்கிறாரு. இருக்கிறதே கொஞ்ச நாளு" என்று நிறுத்தினாள். பிறகு, "வந்து ஏதாவது பண்ணு" என்றாள்.

முதலாளியிடம் நீலத்தாரை நிறுத்திவிடலாம் என்று சொல்லிப் பார்த்தான். இப்போதுதானே பிடித்திருக்கிறது, ஏன் என்று அவன் கேட்டான். கெட்டவன் இல்லை, அக்கறையாகத்தான் கேட்டான். "அது ஒரு நிஜ ஆளா என்ன?" என்றான். இவன் இல்லை என்றான். ஏன் இல்லை என்று சொன்னோம் என்று படி இறங்கும்போது தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதற்குமேல் கேள்வி வரும். 

ஞாயிற்றுக்கிழமை போனான். அக்கா கதவைத் திறந்து, உள்ளே இருக்காரு என்று மட்டும் சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆட்டம் ஆரம்பித்திருந்தது. மாமா அதே சோபாவில், அதே பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வாரத்தில் கன்னம் உள்ளே போயிருந்தது. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகிவிட்ட மாதிரி நின்றது. போன் வழக்கம்போல அவருடைய வலது கைக்கு அடியில், சோபாவின் கைமேல் கிடந்தது. இவன் தன் இடத்தில் உட்கார்ந்தான். மாமா தள்ளி உட்காரவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, பழக்கத்தில் இவன் போனை எடுத்து "மாமா" என்று ஒரு வார்த்தை அனுப்பினான். அவருடைய போன் சோபாவின் கையில் நடுங்கி அடங்கியது. அவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இனி வாயைத் திறப்பதைத் தவிர வழியில்லை. அந்த முதல் நாளுக்குப் பிறகு அந்த அறையில் ஆட்டம் ஓடும்போது இவன் பேசியதே இல்லை. தன் குரல் தனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"நான் அதை ஜோக்குன்னு நெனச்சேன் மாமா."

மாமா இப்போது திரும்பினார். கண்ணில் கோபம் இல்லை. இவன் எதிர்பார்த்து வந்ததும், ஒரு வாரமாகப் பதில் தயாரித்து வைத்திருந்ததும் கோபத்துக்குத்தான். அவர் பார்த்தது, குழிக்குள்ளே நின்று கூப்பிட்டுவிட்டு, மேலே ஆளே இல்லை என்று தெரிந்துகொண்டவர் பார்க்கிற மாதிரி இருந்தது. பிறகு போனை எடுத்தார். கட்டைவிரல் ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தது. வசனம் அந்த விரலையே பார்த்தான். திட்டட்டும், என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், ஏதோ ஒன்று வந்தால் போதும் என்று தன் போனைக் கையில் ஏந்திக்கொண்டு காத்திருந்தான். சமையலறை வாசலில் அக்கா ஈரக்கையோடு வந்து நின்றாள். அவளும் அந்த விரலைத்தான் பார்த்தாள்.

விரல் நின்றது. இவன் போனில் ஒன்றும் வரவில்லை. மாமா தன் போனை அப்படியே எடுத்து இவன் மடியில் வைத்தார். இவன் அனுப்பியவை வரிசையாக இருந்தன, இப்போதுதான் திறக்கப்பட்டு. கீழே, அடித்துவிட்டு அனுப்பாமல் விட்ட ஒரே ஒரு வரி.

"ரெண்டு பக்கமும் நீயே எழுதிக்கோ மச்சான்."

இவன் போனை எடுத்து அவர் கையில் திணிக்கப் பார்த்தான். மாமா கையை விரிக்கவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஒருமுறை ஆட்டிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார். அக்கா வந்து இவன் மடிமேல் குனிந்து அந்த வரியைப் படித்தாள். "அப்ப என்கிட்ட எப்படிங்க பேசுவீங்க?" என்று அவரைக் கேட்டாள். அவர் அவளையும் பார்க்கவில்லை. அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே நின்றாள். கை காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள். பாத்திரச் சத்தம் எதுவும் கேட்கவில்லை.

இடைவேளைக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது முதலாளி இவனுடைய போனில் கேட்டிருந்தான், நீலத்தார் எங்கே என்று. இவன் அதை அணைத்தான். மாமாவின் போன் அணையாமல், அந்த ஒற்றை வரியோடு மடியில் வெளிச்சமாகவே இருந்தது.

அப்போதுதான் நீல அணி கோல் அடித்தது. எங்கிருந்தோ வந்த பந்து, யார் காலிலோ பட்டுத் திரும்பி, உள்ளே போய்விட்டது. டிவியில் மைதானமே எழுந்து நின்று கத்தியது. மாமாவின் உடம்பு முன்னால் குதித்தது. கழுத்துத் துணி படபடத்தது. கண் திரையை விட்டு அகலாமல், வலது கை தானாகப் போய்ச் சோபாவின் கையைத் துழாவியது. விரித்த உள்ளங்கை வெறும் சோபாத் துணியை ஒரு தடவை தட்டிப் பார்த்தது, இன்னொரு தடவை தட்டிப் பார்த்தது. வசனம் மடியிலிருந்த போனை நீட்டினான், அந்தக் கை அதை வாங்கவில்லை. மாமாவின் கட்டைவிரல் மட்டும், ஏதோ ஒரு எழுத்தைத் தேடுகிற மாதிரி, அந்தத் துணிமேல் கொஞ்ச நேரம் நகர்ந்துகொண்டிருந்தது.